பேர் போன கார்

மரக்காணத்து உப்பளங்களில் இரும்புக்கு மரியாதை கிடையாது. உப்பு வாருகிற பலகை மரம். அதன் நீண்ட பிடியும் மரம். இரும்பில் எதையாவது செய்து வைத்தால், கழுவேலிப் பக்கத்துக் காற்று நாளடைவில் அதை அரித்துத் தின்றுவிடும். இந்தக் கரையின் உப்புக்கு வயது அதிகம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணந்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சங்க காலத்திலேயே உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். புறப்படும்போது வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகையில் ஓர் அச்சு முறிந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று. அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புறநானூற்றில் பாட வந்த ஔவையார், அவனைப் புலிக்கும் யானைக்கும் ஒப்பிடாமல் இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டிருக்கிறார். வண்டி வைத்திருப்பவன் மனசை அந்தப் பாட்டி எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள்!

உப்பளத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டு அந்த ஊரைத் தொடங்கினார்கள். இன்று அங்கே இருக்கும் காடு அப்போது இல்லை. மழை அறுத்துப் போட்ட செம்மண் மேடும், ஓடைகளும், ஒற்றைப் பனைகளுமாக இருந்த இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் அந்நாளில் கிடையாது. அது 1990களின் இறுதியில் வந்தது. ஆகவே சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம் என்று சுற்றித்தான் வரவேண்டும். அப்படி வந்தவர்கள் தாம்பரம் தாண்டியதும், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில், ஒரு மோட்டார்த் தொழிற்சாலையைக் கடந்துதான் வந்திருப்பார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா லிமிடெட் என்று அதன் முழுப் பெயர். சிலர் ஏறி வந்த காரே அந்தத் தொழிற்சாலையில் பிறந்ததாக இருந்திருக்கும். தமிழ்நாட்டில் செய்த முதல் கார்களின் கதை அந்தச் சுவருக்குள் நடந்தது.

தமிழில் 'பேர் போன' என்று ஒரு பிரயோகம் உண்டு. பேர் போன வித்வான் என்றால் எட்டுத் திக்கும் பெயர் பரவியவர் என்று அர்த்தம். அதையே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பெயரே போய்விட்டது என்றும் ஆகும். ஸ்டாண்டர்டு கார் இரண்டு அர்த்தத்திலும் பேர் போன கார். முதல் அர்த்தத்திலிருந்து இரண்டாவது அர்த்தத்துக்கு வந்து சேர அதற்குச் சுமார் 40 வருஷம் பிடித்தது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1903ல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் கோவென்ட்ரி நகரத்தில் கம்பெனி ஆரம்பித்தபோது, 'ஸ்டாண்டர்டு' என்று வேண்டுமென்றேதான் பெயர் வைத்தார். மோட்டார் என்பது நடுவழியில் நிற்பதற்கென்றே செய்த யந்திரம் என்று ஜனங்கள் நினைத்த காலம் அது. தன்னுடைய வண்டியில் சோதித்துப் பார்த்து நம்பிக்கை பெற்ற உறுப்புகளை மட்டுமே பூட்டுவேன் என்பது அந்தப் பெயரின் உட்பொருள். அதாவது, பெயரே ஒரு சத்தியம். ஐம்பது வருஷத்தில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மதிப்புச் சரிந்துவிட்டது. 'டீலக்ஸ்' என்று ஒரு வார்த்தை வந்தது. டீலக்ஸ் என்றால் உசத்தி. ஸ்டாண்டர்டு என்றால் ஒன்றுமில்லாத வெறும் ரகம். காரில் ஒரு குறையும் ஏற்படுவதற்கு முன்னால் அகராதியே அதன் காலை வாரிவிட்டது. 1963ல் இங்கிலாந்தில் கார்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்தேவிட்டார்கள். தங்களிடம் இருந்த டிரையம்ப் என்ற இன்னொரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தாய்நாட்டில் இறந்துபோன பெயர் பெருங்களத்தூரில் மேலும் 25 வருஷம் உயிரோடு இருந்தது.

சென்னைக் கம்பெனி 1948ல் ஏற்பட்டது. முதலில் வான்கார்டு என்ற, ஆமை ஓட்டைக் கவிழ்த்தது போன்ற கார் பகுதி பகுதியாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு 1953ல் டாரிப் கமிஷனின் சிபாரிசு வந்தது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம். வெறுமனே பூட்டி விற்பவர்கள் போகலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அமெரிக்கர்களின் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினார்கள். மிஞ்சிய கார் கம்பெனிகள் மூன்று. கல்கத்தா உத்தரபாராவில் ஹிந்துஸ்தான், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அடுத்த 30 வருஷத்துக்கு இந்தியாவில் சாதாரண மனிதன் புதுக் கார் வாங்குவதென்றால் இந்த மூன்று வாசலில் ஒன்றில்தான் நிற்க வேண்டும். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் எழுந்த புகார்களைப் படித்தால் ஒன்றும் விளங்காது.

ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகிய சின்னக் கார்கள் 1950களில் நல்ல பெயர் எடுத்தன. அடக்கமான வண்டிகள், டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பினார்கள். நம் ஊரில் செய்த கார் என்ற அபிமானம் வேறு. அதன் பிறகு 1961ல் வந்தது ஹெரால்டு.

ஹெரால்டு அழகி. அதில் இன்றைக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. மைக்கெலோட்டி என்ற இத்தாலியக் கலைஞர் வரைந்த உருவம். 1959ல் கோவென்ட்ரியில் வெளிவந்தபோது ஐரோப்பியப் பத்திரிகைகள் அதன் வாலின் கூர்மையையும், லண்டன் டாக்ஸியைப் போலச் சின்ன வட்டத்தில் திரும்பும் சாமர்த்தியத்தையும் வியந்து எழுதின. 25 அடி அகலமுள்ள தெருவில் அப்படியே சுற்றிக்கொள்ளும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நாலு பேர் நின்று பேசலாம். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே ரிப்பேர் பார்க்கலாம். இவ்வளவு மரியாதையாக மெக்கானிக்கை வரவேற்ற கார் வேறு இல்லை. அந்த மெக்கானிக்குகளே அதை வெறுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

அந்தக் காரின் உடம்பில் ஒரு பழைய சங்கடம் ஒளிந்திருந்தது. கோவென்ட்ரிக்காரர்களுக்குக் கார்க் கூடு செய்துகொடுத்த பிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையை 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாக வார்த்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அடியில் தனியாக ஒரு சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடம்பை போல்ட்டால் முடுக்குவது என்று ஹெரால்டை அமைத்தார்கள். வெளிநாடுகளுக்குப் பெட்டியில் அனுப்பிப் பூட்டுவதற்கு இது மிகவும் சௌகரியம். ஆனால் முடுக்கிய இடமெல்லாம் ஒரு இடுக்கு. இடுக்கு இருந்தால் தண்ணீர் வரும். ஐப்பசி மழையில் சொட்டுகிறது, கதவு குலுங்குகிறது, கல் ரோட்டில் சட்டி பானை உருளுகிற சத்தம் என்று முதல் வகைப் புகார்கள் வந்தன. கடற்கரை ஊர்களில் அந்த இடுக்குகளில் துருவும் ஏறியது.

இரண்டாவது வகைப் புகார் பின் சக்கரங்களைப் பற்றியது. மற்ற கார்களில் பின் அச்சு ஒரே தண்டு. ஹெரால்டில் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் தனித்தனியே ஊசலாடும் அரை அச்சுகள். அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும் ஒரே கமான். தனித்தனியே ஆடுவதால் சவாரி மெத்தென்றிருக்கும் என்பது உத்தேசம். நாலு பேர் போகும்வரை அப்படித்தான் இருந்தது. நம்மவர்கள் நாலு பேராக எப்போது போனார்கள்? தாத்தா, பாட்டி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தங்கை, மடியில் இரண்டு, பின்னால் டிரங்குப் பெட்டி, மேலே பாய்ச் சுருள் என்று கிளம்பினால் கமான் தணிந்துவிடும். சக்கரங்களின் தலைகள் உட்பக்கம் சாய்ந்து, பாரம் தாங்காத கழுதை காலைப் பரப்பிக்கொண்டு நிற்பது போல் வண்டி நிற்கும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். புது டயர் கிடைப்பதும் சுலபமாக இல்லாத காலம். அதோடு, வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று காலை எடுத்தால், பின் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். இந்த குணம் இங்கிலாந்திலும் தெரிந்ததுதான். அதை நம் ரோட்டின் கணக்கில் எழுத முடியாது. அமைப்பிலேயே இருந்த குறை.

மூன்றாவதுதான் மிகவும் பயங்கரமானது. ஓடிக்கொண்டிருக்கும்போதோ திரும்பும்போதோ முன் சக்கரம் ஒன்று மடிந்து படுத்துவிடும். வண்டி மூக்கைத் தரையில் ஊன்றி நின்றுவிடும். இதற்குக் காரணம் ட்ரனியன் என்ற சிறு உறுப்பு. முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் திருகு மரை வெட்டியிருக்கும். அது வெண்கலத்தால் ஆன ஒரு கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கொஞ்சம் திருகும், கொஞ்சம் தளரும். அந்த மரைக்குள் கனமான கியர் எண்ணெய் விடவேண்டும் என்பது செய்தவர்களின் கட்டளை. கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் அடிவரைக்கும் இறங்குவதில்லை. அதைச் சுற்றி வழி பண்ணிக்கொண்டு தண்ணீர் உள்ளே போய்விடும். எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு நாள் ஒடியும்.

பட்டறைக்காரரின் நிலைமையைப் பாருங்கள். அவர் பிறந்தது முதல் பார்த்த அத்தனை லாரிக்கும் பஸ்ஸுக்கும் அம்பாசடருக்கும் அடியில் படுத்து, எங்கே துவாரம் கண்டாலும் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கியே பழக்கம். அவருக்கு நல்லெண்ணம்தான், கொஞ்சம் அதிகமாகவே அமுக்குவார். கையேடு இங்கிலீஷில் இருந்தது. அதுவும் சொந்தக்காரரின் பீரோவில் இருந்தது. திண்டிவனத்திலோ மரக்காணத்திலோ வெள்ளம் ஓடும் ரோட்டைக் கடந்து, உப்புக் காற்றில் இரவெல்லாம் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இதில் யாரைக் குற்றம் சொல்வது? என்னைக் கேட்டால் கம்பெனியைத்தான் சொல்லுவேன். லட்சம் மெக்கானிக்குகளின் கை ஒரே மாதிரி பழகியிருக்கும் தேசத்தில், அந்தப் பழக்கத்துக்கு நேர் விரோதமான ஓர் உறுப்பை வைத்து விற்றால், அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுக்கும் கடமையும் விற்றவருக்கு உண்டு. கையேட்டில் அச்சடித்ததோடு தீர்ந்துவிடாது.

புகார் சொன்னவர்களுக்கு வழி என்ன இருந்தது? ஆங்கிலப் பத்திரிகைகளில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். பார்லிமெண்டில் மெம்பர் கேள்வி கேட்கலாம். மூன்று கம்பெனிகளின் கார்களைப் பற்றியும் முறையீடுகள் மிகுந்து, 1967ல் கார்களின் தரத்தை விசாரிக்கவென்றே மத்திய சர்க்கார் ஒரு குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று. 1969ல் கார் விலைக்குச் சர்க்கார் உச்சவரம்பு கட்டியபோது கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1971ல் தீர்ப்பும் வந்தது. விலை போதவில்லை என்று செய்தவர் வழக்காடலாம். சாமான் சரியில்லை என்று வாங்கியவர் சுலபமாக வழக்காட 1986ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதுவரை, பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து காரை வாங்கிய குமாஸ்தாவும் டாக்டரும், சொட்டும் கூரையின் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த காருக்கும் அதே மூன்று வாசல்தான். கோபித்துக்கொண்டு எங்கே போவது?

அம்பாசடரில் மட்டும் குறை இல்லையா? ஹார்னைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று அதைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அப்படியும் அது 1957லிருந்து 2014 வரை பிழைத்துக் கிடந்தது. காரணம், அது எங்கே நின்றாலும் அங்கே அதைத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். புளியமரத்தடியில் ஒரு ஸ்பானரும் சுத்தியலும் போதும். அம்பாசடரின் சேம அச்சு அந்தப் புளியமரத்தடிப் பையன். ஹெரால்டுக்கு அப்படி ஒருவன் சென்னைக்கு வெளியே அநேகமாகக் கிடைக்கவில்லை. தெரிந்தவர் கையில் இருந்த ஹெரால்டுகள் வருஷக்கணக்கில் உழைத்தன. தெரியாதவர் கையில் சிக்கியவை பெயரைக் கெடுத்தன.

கம்பெனி செவிடாக இருந்ததென்று சொல்லிவிட முடியாது. பின் ஸீட்டுக்கு ஏறப் புடவை கட்டிய பெண்கள் முன் ஸீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டியிருக்கிறது என்ற குறையைக் கேட்டு, இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்டைச் சென்னையில் செய்தார்கள். கம்பானியன் என்று சாமான் ஏற்றும் வகை ஒன்றும் செய்தார்கள். கடைசியில் 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டை நிறுத்திவிட்டு கெஸல் என்று ஒரு காரை வெளியிட்டார்கள். கெஸல் என்றால் ஒரு ஜாதி மான். ஊசலாடும் அரை அச்சுகள் போய்விட்டன. மற்ற எல்லாரையும் போல ஒரே தண்டு அச்சு வந்துவிட்டது. புகார் தீர்ந்தது. கூடவே, அந்தக் காரைத் தனியாக அடையாளம் காட்டிய அம்சமும் தீர்ந்தது. அதே 948 சி.சி. எஞ்சின்தான். மான் அதிகம் துள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து 1977ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சில வருஷங்கள் வேன்கள் மட்டும்.

இங்கேயே நின்றிருந்தால் 'ஒரு காலத்தில் நல்ல கார்' என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். 1983 டிசம்பரில் மாருதி வந்தது. ஜப்பானியர் சொல்லிக்கொடுத்த சின்னக் கார். விலை 47,500 ரூபாய். சாவியைத் திருப்பினால் கிளம்பியது. சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்பதே ஒரு செய்தியாக இருந்த தேசத்தில் அதற்குமேல் விளம்பரம் தேவையில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1985ல், பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வெளியே வந்தது.

பார்வைக்கு அது ராஜா. ரோவர் எஸ்.டி.1 என்ற ஆங்கிலக் காரின் உடம்பு. ஐரோப்பாவில் 1977ஆம் வருஷத்துச் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. ஆனால் ரோவரில் இருந்த 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் இதில் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வான்கார்டு வம்சத்து எஞ்சினைத் தூசி தட்டி உள்ளே வைத்திருந்தார்கள். அந்த வம்சத்தின் மற்றொரு கிளை பெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதது. அதற்காக அதைக் கேவலமாகச் சொல்லக் கூடாது. மிகவும் உறுதியான எஞ்சின். ஆனால் 80ஐச் சற்றே தாண்டிய குதிரைச் சக்தியைக் கொண்டு அவ்வளவு பெரிய உடம்பை இழுக்க வேண்டும். பெட்ரோலைக் குடித்தது. வேகம் வரவில்லை. விலையோ மாருதியைப்போலப் பல மடங்கு. பணக்காரன் கேலிக்கு அஞ்சுகிற மாதிரி விலைக்கு அஞ்சுவதில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மாருதி முந்திக்கொண்டு போவதை அவன் எத்தனை நாள் சகிப்பான்?

1988ல் உற்பத்தி நின்றது. சம்பளமும் பாக்கியும் என்ன ஆகும் என்று தெரியாமல் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். மோட்டார் உறுப்பு செய்யத் தெரிந்த கைகளுக்குச் சென்னைப் பக்கத்தில் மறுபடி பெரிய வேலை வந்தது 1990களின் பிற்பகுதியில், போர்டு மறைமலைநகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்த பிறகு. 1953ல் மூட்டை கட்டிய அதே போர்டு, ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில், அதே நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து இறங்கியது. 2021ல் அதுவும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது வேறு கதை. ஸ்டாண்டர்டு மூடிய வருஷத்தில் 40 வயதில் இருந்த பிட்டருக்கு, அந்த நடுவில் போன பத்து வருஷத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. காரின் பெயர் கெட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

கட்டிடமும் இடமும் 2006ல் ஏலத்துக்கு வந்தன. மிஞ்சிக் கிடந்த ஸ்டாண்டர்டு 2000 உதிரிச் சாமான்களை இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு உறுப்பு விற்கும் ஒரு வியாபாரி வாங்கி, கப்பலேற்றிக்கொண்டு போனார். அங்கே ரோவர் வைத்திருக்கும் பிரியர்களுக்கு அவை பொக்கிஷம். எதிர்த் திசையிலும் பார்சல் போக்குவரத்து நடக்கிறது. புதுப்பேட்டையில் பழைய இரும்பாகிப் போகாமல் தப்பிய ஹெரால்டுகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. சென்னையில் பழங்கார் அணிவகுப்பு நடந்தால் பளபளவென்று வந்து நிற்கும், அந்தப் பெரிய பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் ட்ரனியனை இங்கிலாந்திலிருந்து தருவிக்கிறார்கள். பட்டறையில் பையன் கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைவதற்குள், எண்ணெய் டப்பாவோடு தாங்களே குனிந்துவிடுகிறார்கள்.